பழைய யாட் இன்ஜின்களின் ஈசியூ பழுதுபார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1980-களின் பிற்பகுதியிலிருந்து 2000-களின் தொடக்கம் வரை யாட் எனும் உல்லாசப் படகுகளில் ஏறிய மின்னணுக் கட்டுப்பாட்டு டீசல் இன்ஜின்கள் பல இன்றும் திடமாக ஓடுகின்றன. பிஸ்டனும் கிராங்க்கும் நன்றாக இருக்க, அவற்றை ஆளும் மின்னணுப் பெட்டியான ஈசியூ மட்டும் செத்துப்போகிறது. புதுப் பெட்டியோ கடையில் இல்லை. ஃபோர்ட் லாடர்டேல், பால்மா, ஆந்தீப், துபாய், சிங்கப்பூர் என எந்தத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் இன்ஜினியரும் எலக்ட்ரீஷியனும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறோம். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. பிந்தைய பதில்கள் முந்தையவற்றைச் சார்ந்திருக்கின்றன.

என் இன்ஜின்ல ஈசியூ இருக்கான்னே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

த்ராட்டில் கேபிளைப் பின்தொடருங்கள். அது நேராக ஃப்யூயல் பம்ப்பின் கைக்குப் போய் முடிந்தால் மெக்கானிக்கல் இன்ஜின். நடுவில் ஒரு சிறு பெட்டியில் முடிந்து, அங்கிருந்து மூன்று வயர்கள் கிளம்பினால் அது பொடென்ஷியோமீட்டர், அதாவது லீவரின் நிலையை வோல்டேஜாகச் சொல்லும் மாறு மின்தடை. அந்த வயர்கள் போய்ச் சேரும் இடத்தில் ஈசியூ இருக்கும்.

பழைய வகைகளில் இரண்டு குடும்பங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் மின்னணு யூனிட் இன்ஜெக்டர் (பம்ப்பும் இன்ஜெக்டரும் ஒன்றாக அமைந்தது) வைத்தவை. 1985-இல் வந்த டெட்ராய்ட் டீசலின் டிடெக், 1987-இன் சீரிஸ் 60, கேட்டர்பில்லர் 3406இ எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது, வரிசைப் பம்ப்பின் ரேக்கை (எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் தண்டு) ஒரு மின் ஆக்சுவேட்டர் நகர்த்தும் ஈடிசி (மின்னணு டீசல் கட்டுப்பாடு) வகை. வோல்வோ பென்டா டாம்டி74 ஈடிசி, மான் டி2842-இன் ஈடிசி மாடல்கள் போன்றவை. முதல் குடும்பத்தில் இன்ஜெக்டர் டிரைவர் பகுதி அதிகம் அடிபடும். இரண்டாவதில் ஆக்சுவேட்டர் டிரைவரும், ரேக் எங்கே நிற்கிறது என்று சொல்லும் சென்சாரின் சுற்றும்.

டீலர்கிட்ட கேட்டா "அந்த பார்ட்டை நிறுத்தியாச்சு"ங்கறாங்க. இன்ஜினையே மாத்தணுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. அந்தக் காலத்துப் போர்டுகள் இன்றையவற்றைவிடப் பழுதுபார்க்க எளிதானவை. பாகங்கள் பெரியவை, எண்கள் படிக்கும்படி அச்சிடப்பட்டவை, ஈயம் கலந்த சால்டர். கெப்பாசிட்டர், டயோடு, ரெகுலேட்டர், மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஆகியவற்றுக்கு மாற்று இன்றும் கிடைக்கும்.

மாற்று இல்லாதவை இரண்டுதான்: உள்ளே இருக்கும் புரோகிராமும் கேலிபரேஷன் தரவும் (அந்த இன்ஜினுக்கென்று அமைத்த எண்கள்) ஒன்று, தயாரிப்பாளர் தனக்கென்று செய்வித்த ஐசி மற்றொன்று. இந்த இரண்டையும் காப்பாற்றும் வரிசையில்தான் வேலை நடக்க வேண்டும். போர்டை மீட்டு, தரவை இழந்தால் கையில் மிஞ்சுவது வெறும் அலுமினியப் பெட்டி.

இன்ஜின் ஸ்டார்ட் ஆகல, டயக்னாஸ்டிக் டூலும் கனெக்ட் ஆகல. ஈசியூ போயிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. பெட்டியைக் கழற்றும் முன் மின்சாரம் அதுவரை வருகிறதா என்று பாருங்கள். கனெக்டரைப் பிடுங்கி, பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். 24 வோல்ட் அமைப்பில் அது ஏறக்குறைய 0.9 ஆம்பியர் இழுக்கும். மல்டிமீட்டர் மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரும் முழு வோல்டேஜ் காட்டி ஏமாற்றும். பல்பு எரியும்போது பாசிட்டிவ் பக்கம் பேட்டரிக்கும் பின்னுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேலோ, எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேலோ இழப்பு இருந்தால் கோளாறு வயரிங்கில். மீட்டர் முனையைக் கனெக்டரின் பெண் டெர்மினலுக்குள் திணிக்காதீர்கள். அது விரிந்துவிட்டால் புதுக் கோளாறு ஒன்று சேரும்; அதே அளவு பின் ஒன்றை வயரில் கிரிம்ப் செய்து பயன்படுத்துங்கள்.

அடுத்து சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட். 4.8-க்கும் 5.2-க்கும் இடையில் இல்லாவிட்டால், சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால் அந்த சென்சாரோ அதன் வயரோ ஷார்ட், ஈசியூ பிழைத்தது. ஜே1939 கேன் பஸ் (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் இரு வயர்த் தொடர்பு) உள்ள இன்ஜினில், எல்லா பவரையும் நிறுத்திவிட்டு இரண்டு கேன் வயர்களுக்கு இடையே ஓம் பாருங்கள். 60 வந்தால் சரி. 120 என்றால் ஒரு டெர்மினேட்டர் (முனையில் இருக்கும் 120 ஓம் ரெசிஸ்டர்) விட்டுப்போயிருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவது ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஈசியூ பின்னில் வோல்டேஜ் 12 வோல்ட் அமைப்பில் 9-க்கும், 24-இல் 18-க்கும் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியையும் கேபிளையும் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் 5 வோல்ட் வரவில்லை, டூலும் பேசவில்லை என்றால் மட்டுமே பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

ரெண்டு இன்ஜின் இருக்கு. போர்ட் (இடது) பக்க ஈசியூவைக் கழற்றி ஸ்டார்போர்டுல (வலது) மாட்டிப் பார்த்தா தெரிஞ்சிடுமே?

எதை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சந்தேகப் பெட்டியை நல்ல இன்ஜினில் மாட்டுவது ஓரளவு பாதுகாப்பானது. நல்ல பெட்டியைக் கெட்ட இன்ஜினில் மாட்டுவது ஆபத்து: முதல் பெட்டியைக் கொன்ற ஷார்ட் இன்னும் ஹார்னஸில் (வயர்க் கட்டு) இருந்தால் இரண்டாவதும் அதே நொடியில் போகும். அதன் பிறகு கடலில் நிற்கும் படகுக்கு இன்ஜினே இல்லை.

மாற்றிப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், கெட்ட பக்கத்தின் எல்லா இன்ஜெக்டர், சோலனாய்டு கம்பிகளையும் முதலில் அளந்துவிடுங்கள். ஆறு சிலிண்டரின் இன்ஜெக்டர் காயில்களின் (கம்பிச் சுருள்) ஓமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். எந்தக் கம்பியும் பிளாக்குடன் தொடர்பு காட்டக் கூடாது. மாற்றிய நிலையில் கடலுக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் அந்தந்த இன்ஜினின் எண்ணும் இன்ஜெக்டர் கோடும் இருக்கின்றன. வோல்வோ பென்டாவின் பிந்தைய ஈவிசி அமைப்பிலோ வேறு இன்ஜினின் யூனிட் வந்ததும் எண் பொருந்தவில்லை என்ற ஃபால்ட்டே எழும்.

பெட்டியைக் கழற்றும் முன்னாடி என்னென்ன செய்யணும்?

டூல் இன்னும் கனெக்ட் ஆகிறது என்றால், எல்லா பாராமீட்டர்களையும் ஃபால்ட் கோடுகளையும் ஓடிய மணி நேரத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள். கனெக்ட் ஆகாவிட்டாலும் இன்ஜினிலேயே பல தகவல்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3406இ போன்ற கேட்டர்பில்லர் இன்ஜின்களின் தகட்டில் எஃப்எல்எஸ் (முழுச்சுமை அமைப்பு), எஃப்டிஎஸ் (முழு டார்க் அமைப்பு) என்ற இரண்டு எண்கள் உண்டு. அவை இல்லாமல் புதுத் தரவு ஏற்றிய பெட்டி சரியான முழுச்சுமை எரிபொருளைத் தராது. டெட்ராய்ட் சீரிஸ் 60-இல் இன்ஜெக்டரின் மேலேயே இரண்டு இலக்க கேலிபரேஷன் கோடு இருக்கும். எல்லாவற்றையும் படம் எடுங்கள். லேபிள் உரியும் நிலையில் இருந்தால் எழுதியும் வையுங்கள்.

பிறகு பேட்டரி சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். யூனிட் இன்ஜெக்டர் வகைகளில் டிரைவர் பகுதி 100 வோல்ட்டுக்கு மேல் சேமித்து வைத்திருக்கலாம். சில பெட்டிகள் ஃப்யூயல் ஓட்டத்தால் குளிர்விக்கப்படுபவை. அந்தக் குழாய்களைக் கழற்றியதும் மூடி போட்டுவிடுங்கள், பெட்டியின் வாய்களையும் சேர்த்து.

பில்ஜ் (படகோட அடித்தளம்) தண்ணி ஏறி ஈசியூ நனைஞ்சிடுச்சு. காய வச்சா போதுமா?

காய வைப்பதுதான் மிகப் பெரிய கேடு. நீர் போய்விடும், உப்பு போகாது. மிஞ்சும் குளோரைடு காற்றின் ஈரத்தைத் திரும்பத் திரும்ப இழுத்து, பவர் வரும்போதெல்லாம் செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். நனைந்த பெட்டிக்கு ஒருபோதும் பவர் கொடுக்காதீர்கள். உடனே ஒரு வாளி நன்னீரில் மூழ்க வைத்து, பணிமனைக்கு வரும்வரை அப்படியே வைத்திருப்பது, காற்றில் காய விடுவதைவிட மேல்.

பணிமனையில் பெட்டியைத் திறந்து, டீஅயனைஸ்டு நீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள். நீரை மாற்றி மாற்றி மூன்று முறையாவது. பிறகு 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் அலசி, காற்றடித்து, 60 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 8 மணி நேரம் வையுங்கள். ஆல்கஹால் முழுக்க ஆவியாகும் முன் அடுப்பில் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். அல்ட்ராசோனிக் தொட்டியைப் பரிந்துரைக்க மாட்டோம். கிரிஸ்டலையும், பீங்கான் தகட்டில் அமைத்த ஹைபிரிட் சுற்றுக்குள் இருக்கும் மெல்லிய அலுமினியக் கம்பிகளையும் அது உடைத்துவிடக்கூடும்.

இன்னொன்று: பெட்டிக்குள் தண்ணீர் எப்போதும் மூடி வழியாகத்தான் வருகிறது என்று நினைக்காதீர்கள். எங்கோ தோல் உரிந்த ஒரு வயரின் இழைகளுக்கு நடுவே ஏறி, கனெக்டரைத் தாண்டி உள்ளே வரும். கனெக்டரின் ஓரிரு பின்கள் மட்டும் பச்சையாக இருந்தால் அந்த வயரை இரண்டு அங்குலம் வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் வெள்ளீயம் பூசிய புது மரைன் வயர் போட்டே ஆக வேண்டும்.

திறந்தா போர்டு மேல ஏதோ வார்னிஷ் மாதிரி பூச்சு இருக்கு. சில பெட்டியில ரப்பர் மாதிரி ஜெல். இதை எப்படி எடுக்கறது?

பூச்சு எந்த வகை என்று ஓரமாக ஒரு இடத்தில் சோதியுங்கள். நகத்தால் உரிந்து வரும் மென்மையானது சிலிகான். அசிட்டோன் தொட்ட பஞ்சில் பிசுபிசுத்துக் கரைந்தால் அக்ரிலிக். இரண்டும் இல்லாமல் கடினமாக இருந்தால் பாலியூரித்தேன் அல்லது எபாக்ஸி. அக்ரிலிக்கைத் தேவையான இடத்தில் மட்டும் கரைத்து எடுங்கள். அசிட்டோன் கனெக்டர் பிளாஸ்டிக்கில் படக் கூடாது. பாலியூரித்தேன் மேலேயே சால்டரிங் அயர்ன் வைக்கலாம், ஆனால் அதன் புகை ஐசோசயனேட், நுரையீரலுக்கு நஞ்சு. புகை இழுக்கும் விசிறி இல்லாமல் செய்ய வேண்டாம்.

ஜெல்லை மூங்கில் குச்சியால் தோண்டுங்கள், உலோகம் வேண்டாம். ஜெல்லுக்கு அடியில் வெள்ளைப் பீங்கான் தகடும் அதில் முடியளவு கம்பிகளும் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அது ஹைபிரிட். சாதாரண அயர்ன் அங்கே உதவாது. வயர் பாண்டிங் இயந்திரம் உள்ள இடத்தில்தான் அந்த வேலை நடக்கும்.

சரி, போர்டு கையில இருக்கு. எங்கேருந்து ஆரம்பிக்கறது?

தரவை நகலெடுப்பதிலிருந்து. அயர்ன் சூடாகும் முன்பே. இந்த வரிசையை யாரும் தலைகீழாக்கக் கூடாது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் புரோகிராம் பெரும்பாலும் தனி ஈபிராமில் (நினைவகச் சிப்) இருக்கும்: 27சி256 என்றால் 32 கிலோபைட், 27சி512 என்றால் 64. பாராமீட்டர்கள் 93சி அல்லது 24சி வரிசை ஈஈபிராம் (மின்சாரத்தால் திரும்ப எழுதக்கூடிய சிப்) ஒன்றில் இருக்கும். சாக்கெட்டில் இருந்தால் கழற்றி, பின்களை ஆல்கஹாலில் துடைத்து, புரோகிராமரில் மூன்று முறை படித்து, மூன்று கோப்பும் ஒரே செக்சம் (சரிபார்ப்பு எண்) தருகிறதா என்று பாருங்கள்.

புரோகிராமர் அனுமதித்தால் 4.5 வோல்ட்டில் ஒரு முறையும் 5.5 வோல்ட்டில் ஒரு முறையும் படியுங்கள். இரண்டு வாசிப்பும் வேறுபட்டால் சில பிட்கள் பலவீனமாகிவிட்டன என்று பொருள். அப்போது அதே பாக எண், அதே மென்பொருள் பதிப்பு உள்ள மற்றொரு பெட்டியின் நகலோடு ஒப்பிட்டால்தான் எது சரியென்று தெரியும். இரட்டை இன்ஜின் படகில் அந்த மற்றொரு பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும்போதே இரண்டையும் நகலெடுத்து வைத்த படகுக்காரர் பெரிய செலவைத் தவிர்த்தவர்.

சிப்புல இருக்கற புரோகிராம் தானா அழிஞ்சு போகுமா?

போகும், மெதுவாக. ஈபிராமில் தகவல் என்பது சிறு மின்னூட்டம், அது கசியும். பத்து ஆண்டு தாங்கும் என்று டேட்டாஷீட்டில் உறுதி சொல்லப்பட்ட சிப்கள் முப்பது ஆண்டும் ஓடுகின்றன என்பது உண்மைதான், ஆனால் இன்ஜின் அறையின் வெப்பம் கசிவை வேகப்படுத்தும். கண்ணாடி ஜன்னல் வைத்த சிப்பின் ஸ்டிக்கர் உரிந்து வெயில் பட்டாலும் அழியும். அந்த ஸ்டிக்கரைப் பிரிக்காதீர்கள். மேலே சொன்னபடி நகல் எடுத்தபின், அதே வகைப் புதுச் சிப்பில் எழுதிப் போட்டுவிட்டுப் பழையதை உறையிலிட்டு வையுங்கள்.

68332 போன்ற மோட்டரோலா புராசசர் வைத்த போர்டுகளில் பிடிஎம் என்னும் டீபக் முனை வழியாக, சிப்பைக் கழற்றாமலே நினைவகத்தைப் படிக்க முடியும். புராசசருக்குள்ளேயே தரவைப் பூட்டி வைத்த வகைகளில் அந்தப் புராசசரைச் சூடாக்குவதைக் கூடியவரை தவிருங்கள்.

கெப்பாசிட்டர் எல்லாத்தையும் மாத்திடலாமா? எதை முதல்ல?

அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இருபது வயதைத் தாண்டியவற்றைத் தனித்தனியாக அளந்து விட்டுவைப்பதில் பயனில்லை. வெப்பம் 10 டிகிரி கூடினால் இவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. இன்ஜின் மேல் பொருத்திய பெட்டியில் அது சீக்கிரமே தீர்ந்துபோகும். மாற்று, 105 அல்லது 125 டிகிரி தாங்கும் குறைந்த இஎஸ்ஆர் (உள் மின்தடை) வகையாக இருக்கட்டும். 24 வோல்ட் உள்ளீட்டில் 63 வோல்ட்டுக்குக் குறைந்தது வேண்டாம். மைக்ரோஃபாரட் அதேதான், உயரம் மூடிக்குள் அடங்க வேண்டும், போர்டோடு சிலிகான் பசை வைத்து ஒட்டுங்கள், அதிர்வில் கால் ஒடியாமல் இருக்க. அந்தப் பசை நியூட்ரல் வகையாக இருக்க வேண்டும். வினிகர் வாசனை வரும் சிலிகான் அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டுச் செம்பை அரிக்கும்.

பழையது கசிந்திருந்தால் அடியில் ட்ராக் கறுத்திருக்கும், மீன் வாடை அடிக்கும், சால்டர் உருகாமல் அடம்பிடிக்கும். ஃப்ளக்ஸ் விட்டுப் புதுச் சால்டரைக் கலந்தால் இளகும். இழுத்துப் பிடுங்கினால் பேடும் சேர்ந்து வரும். அரித்த ட்ராக்கைச் சுரண்டி, செம்பு தெரிந்தபின் வெள்ளீயம் பூசி, தேவைப்பட்டால் மேலே மெல்லிய கம்பி ஓட்டுங்கள்.

டான்டலத்தில் ஒரு பொறி இருக்கிறது. அலுமினிய வகையில் பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ். டான்டலத்தில் பட்டை போட்ட பக்கம் பாசிட்டிவ். மாற்றி வைத்தால் பவர் கொடுத்ததும் எரியும், போர்டையும் கருக்கும். டான்டலத்துக்குப் பதில் செராமிக் போடுவதும் எப்போதும் சரிவராது. எல்எம்2940 போன்ற பழைய ரெகுலேட்டர்கள் வெளியீட்டுக் கெப்பாசிட்டரில் கொஞ்சம் இஎஸ்ஆர் இருப்பதை எதிர்பார்க்கின்றன. செராமிக்கில் அது மிகக் குறைவு என்பதால் ரெகுலேட்டர் அலைபாயும், 5 வோல்ட் நடுங்கும், புராசசர் காரணமே தெரியாமல் ரீசெட் ஆகும்.

ஒரு மணி நேரம் ஓடினதும் நின்னுடுது, ஆறினா மறுபடி ஓடுது. இது என்ன?

சால்டர் விரிசலாக இருக்க வாய்ப்பு அதிகம். கனெக்டர் பின், பெரிய காயில், ஹீட்சிங்க்கில் திருகிய டிரான்சிஸ்டர் கால் ஆகிய இடங்களில் பூதக்கண்ணாடி வழியே பார்த்தால் காலைச் சுற்றி வட்டக் கோடு தெரியும். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்து, 63/37 ஈயச் சால்டரால் புதிதாக வையுங்கள். அது 183 டிகிரியில் உருகும். பழைய போர்டில் ஈயமில்லாச் சால்டரைக் கலக்க வேண்டாம். அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், பேடு தாங்காது. தடிமனான எர்த் தளம் உள்ள போர்டை அடியிலிருந்து 100 டிகிரிக்கு முன்சூடாக்கினால் அயர்ன் முனை 350-இலேயே வேலை முடியும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால், மேசையில் பவர் கொடுத்து ஹேர் டிரையரால் ஒரு மூலையைச் சூடாக்குங்கள், ஃப்ரீசிங் ஸ்ப்ரேயால் ஒவ்வொரு பாகமாகக் குளிர வையுங்கள். கோளாறு தோன்றி மறையும் இடம் பிடிபடும். ஆனால் இன்ஜினின் கிராங்க் சென்சாரும் சூட்டில் இப்படித்தான் நடந்துகொள்ளும். அதை முதலில் விலக்கிவிட்டுப் போர்டுக்கு வாருங்கள்.

இன்ஜெக்டர் டிரைவர் மாஸ்ஃபெட் புதுசு போட்டேன். ஸ்டார்ட் பண்ணின உடனே மறுபடி போச்சு. ஏன்?

முதலாவதைக் கொன்றது இன்னும் அங்கேயே இருப்பதால். வால்வ் கவருக்கு அடியில் எண்ணெயில் ஊறிய ஹார்னஸ் ராக்கரில் உரசித் தோலுரிந்திருப்பது வழக்கமான காரணம். குளிர்ந்தபோது அளந்தால் சரியாகக் காட்டும். சூடானபின்னும் அளந்து பாருங்கள். மெகர் (உயர் வோல்டேஜில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பயன்படுத்துவதானால் ஈசியூ கனெக்டரை முழுக்கக் கழற்றியபின்தான். 500 வோல்ட் மெகர் ஒரே அழுத்தில் பெட்டியைக் காலி செய்யும்.

போர்டுக்குள் இரண்டு காரணங்கள் உண்டு. காயில் அணையும்போது எழும் உதைப்பை உறிஞ்சும் டயோடு திறந்துபோயிருந்தால் மாஸ்ஃபெட் அந்த அடியை நேராக வாங்கும். மாஸ்ஃபெட்டின் கேட் முனையை ஓட்டும் ஐசி பாதி செத்திருந்தால் மாஸ்ஃபெட் முழுதாகத் திறக்காமல் சூடாகி உருகும். எனவே மாஸ்ஃபெட்டோடு கேட் ரெசிஸ்டர், டயோடு, டிரைவர் ஐசி நான்கையும் ஒன்றாகச் சோதியுங்கள். இன்ஜெக்டருக்கான உயர் வோல்டேஜைச் சேமிக்கும் பூஸ்ட் கெப்பாசிட்டரைத் தொடும் முன் 1 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரால் அதை இறக்கி, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை மீட்டரில் பாருங்கள்.

ஐசி நம்பரைத் தேடினா எங்கேயும் இல்லை. என்ன செய்ய?

முதலில் அது உண்மையிலேயே தயாரிப்பாளர் தனக்கென்று செய்வித்த தனி ஐசிதானா என்று பாருங்கள். மோட்டரோலா, பெரிய வாடிக்கையாளர்களுக்குச் செய்த சிப்களில் எஸ்சி என்று தொடங்கும் எண்ணை அச்சிட்டது. அவற்றில் சில, பொதுச் சந்தையில் வேறு எண்ணில் விற்ற சிப்பேதான். பவர் பின், எர்த் பின், சுற்றியுள்ள பாகங்கள் ஆகியவற்றை வைத்து அடையாளம் காண முடியும். நிறுத்தப்பட்ட சிப்களைத் தயாரிப்பாளரின் அனுமதியோடு விற்கும் ரோசெஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் போன்ற இடங்களில் தேடுங்கள்.

சென்னை ரிச்சி தெரு, சிங்கப்பூர் சிம் லிம் டவர் போன்ற சந்தைகள் ஃப்ளக்ஸ், விக் (சால்டர் உறிஞ்சும் செம்புப் பின்னல்), கருவிகள், பொதுவான பாகங்கள் வாங்க நல்ல இடங்கள். நிறுத்தப்பட்டு வெகுகாலமான ஐசியை எங்கிருந்து வாங்கினாலும் சோதித்து வாங்குங்கள்: அசிட்டோனில் துடைத்தால் எழுத்து அழிகிறதா, பின்கள் ஏற்கெனவே சால்டர் பட்டவையா, தேதிக் குறி தயாரிப்பு நின்ற பிறகான ஆண்டைக் காட்டுகிறதா? உண்மையிலேயே தனி ஐசி என்றால், செத்துப்போன அதே வகைப் பெட்டி ஒன்றை வாங்கி அதிலிருந்து எடுப்பதுதான் வழி.

அதே பார்ட் நம்பர்ல பழைய ஈசியூ ஆன்லைன்ல கிடைக்குது. வாங்கி மாட்டினா ஓடுமா?

பார்ட் நம்பர் பெரும்பாலும் பெட்டிக்கு மட்டுமே உரியது. உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு வேறு எண். அதே பெட்டியில் வேறு குதிரைத்திறன், வேறு டர்போ, வேறு சுழல்வேகத்துக்கான தரவு இருக்கலாம். அப்படியே மாட்டி ஓட்டினால் ஓவர்லோடு ஆகி எக்சாஸ்ட் வெப்பம் எகிறும். உங்கள் பழைய பெட்டியின் நகல் கையில் இருந்தால் இந்தப் பெட்டி பொன்னானது: தரவை மாற்றி எழுதி மாட்டலாம். நகல் இல்லை, டீலரும் அந்தக் கோப்பைத் தர முடியாது என்றால் பாகங்களுக்காக மட்டும் வாங்குங்கள்.

லாரியில ஓடற அதே இன்ஜினோட ஈசியூ நிறைய கிடைக்குதே. அதை யாட்டுல போடலாமா?

சீரிஸ் 60, 3406இ இரண்டும் லாரியிலும் ஓடியவை என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. தரவை மாற்றாமல் கூடாது. லாரி மென்பொருள் வேகமானி, கிளட்ச் சுவிட்ச் எல்லாவற்றையும் எதிர்பார்க்கும். கடல்நீர் பம்ப்பின் அழுத்தம், கியர் எண்ணெய் அழுத்தம் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதைவிட முக்கியம் பாதுகாப்பு முறை: சாலையில் ஓரம்கட்டி நிறுத்துவது சரி, துறைமுக வாசலில் அலைக்கு நடுவே நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அதனால் மரைன் தரவில் இன்ஜினை உடனே நிறுத்தாமல் எச்சரித்து, சக்தியைக் குறைத்து ஓட விடும் அமைப்பு பல இடங்களில் இருக்கும். வன்பொருள் ஒன்றேதான் என்று பாகம் பாகமாக உறுதி செய்தபின், உங்கள் மரைன் நகலை ஏற்றினால் பயன்படலாம்.

இன்ஜின்ல மாட்டாம மேசையிலேயே டெஸ்ட் பண்ண முடியுமா?

முடியும், செய்தும் ஆக வேண்டும். கரண்ட் கட்டுப்பாடு உள்ள பவர் சப்ளையை 0.5 ஆம்பியரில் வைத்து, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். உடனே வரம்பைத் தொட்டால் ஷார்ட். தெர்மல் கேமராவில் சூடாகும் பாகம் தெரியும். 5 வோல்ட் வந்து, கிரிஸ்டல் துடிப்பதை ஆஸிலோஸ்கோப்பில் பார்த்து, டயக்னாஸ்டிக் டூல் பேசினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதிக்குக் கிராங்க் சிக்னல் வேண்டும். 60 பல் இடத்தில் இரண்டு விடுபட்ட சக்கரம் என்றால், 600 ஆர்பிஎம்முக்கு நொடிக்கு 600 பல் இடங்கள் கடக்க வேண்டும். உங்கள் இன்ஜினின் பல் அமைப்பு வேறாக இருக்கலாம். சர்வீஸ் மேனுவலில் பார்த்து ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலரால் அந்த அலையை உருவாக்குங்கள். டிரைவரில் வெறும் ரெசிஸ்டரைச் சுமையாக மாட்டாதீர்கள். பழைய இன்ஜெக்டர் காயிலையே மாட்டுங்கள். கரண்ட் ஏறும் சரிவைப் பார்த்துத்தான் பல ஈசியூக்கள் இன்ஜெக்டர் சரியா என்று முடிவு செய்கின்றன. குறைந்தது நான்கு மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் 60 டிகிரி பெட்டிக்குள் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

மூடும்போது சிலிகான் வச்சு நல்லா அடைச்சுட்டா தண்ணியே புகாது இல்ல?

மூச்சு விடும் துளையையும் சேர்த்து அடைத்தால் தண்ணீர் நிச்சயம் புகும். சூடான பெட்டி குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, கனெக்டர் வழியாக ஈரத்தை உறிஞ்சும். சில பெட்டிகளில் காற்றழுத்த சென்சாரும் உள்ளே இருக்கிறது. துளை அடைபட்டால் அது தப்பாகச் சொல்லும். துளையின் சவ்வைச் சுத்தமாக விடுங்கள், மூடியின் கேஸ்கெட்டைப் புதிதாக்குங்கள். வேலை செய்த இடங்களில் அக்ரிலிக் பூச்சை 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர் கனத்துக்குத் தெளியுங்கள். கனெக்டர் பின்களை டேப்பால் மறைத்தபின்.

ரிப்பேர் ஆகி வந்தாச்சு. மாட்டி உடனே ஸ்டார்ட் பண்ணலாமா?

முதலில் ஹார்னஸ். கனெக்டரின் ஒவ்வொரு வயரையும் 45 நியூட்டன், அதாவது சுமார் 4.5 கிலோ விசையில் இழுத்துப் பாருங்கள். கிரிம்ப் சரியாக இருந்தால் அசையாது. பழுதுக்கான காரணத்தையும் தீர்த்திருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது யாரோ பேட்டரி சுவிட்சை அணைத்ததுதான் காரணம் என்றால், அதுவே மறுபடி நடக்கும். பாதுகாப்பில்லாத 24 வோல்ட் ஆல்டர்னேட்டரில் அந்த நொடியில் 150 முதல் 200 வோல்ட் வரை எழக்கூடும். அந்த சுவிட்சுக்கு மூடியோ பூட்டோ போடுங்கள். படகில் வெல்டிங் நடக்கும்போது பேட்டரியோடு ஈசியூ கனெக்டர்களையும் கழற்ற வேண்டும் என்பதையும் பணிமனையாரிடம் சொல்லி வையுங்கள்.

பிறகு இக்னிஷன் மட்டும் போட்டு ஃபால்ட் கோடுகளைப் படியுங்கள். லீவரை முழுதும் நகர்த்தி, டூலில் சதவீதம் துள்ளாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். இன்ஜின் எண், இன்ஜெக்டர் கோடு எல்லாம் குறித்து வைத்ததோடு ஒத்துப்போக வேண்டும். முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் காற்று அடைக்கும் மூடியையோ ஃப்யூயல் வால்வையோ கையில் வைத்துக்கொண்டு இன்ஜின் பக்கத்தில் நிற்கட்டும். ஈடிசி வகையில் ரேக் முழுதும் திறந்து சிக்கினால் இன்ஜின் கட்டுமீறி ஓடும். அப்போது சாவியை நம்ப முடியாது.

இவ்வளவு தூரம் திறந்தாச்சு, அப்படியே பவரையும் கொஞ்சம் ஏத்திடலாமா?

வேண்டாம். கியரும் புரொப்பெல்லரும் கூலரும் பழைய சக்திக்கே கணக்கிட்டவை. சட்டமும் இருக்கிறது: 2000 ஜனவரி 1 அன்றோ அதன் பின்னோ கட்டிய கப்பல்களில் 130 கிலோவாட்டுக்கு மேற்பட்ட டீசல் இன்ஜின்களுக்கு, கப்பல் மாசைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தத்தின் ஆறாம் இணைப்பின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பொருந்தும். அந்த இன்ஜினின் தொழில்நுட்பக் கோப்பில் ஈசியூ மென்பொருளும் குறிக்கப்பட்டிருந்தால், அதை மாற்றுவது சான்றிதழையே செல்லாததாக்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான். பழுதுபார்ப்பு என்றால் இருந்ததை இருந்தபடி மீட்பது.

ஸ்பேர் ஈசியூ ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். எப்படிப் பாதுகாக்கறது?

உங்கள் இன்ஜினின் தரவை ஏற்றி, ஒரு முறை ஓட்டிப் பார்த்தபின் வையுங்கள். ஓட்டிப் பார்க்காத ஸ்பேரை நம்பிக் கடலுக்குப் போக முடியாது. ஆன்டிஸ்டாட்டிக் பையில் சிலிகா ஜெல்லோடு, இன்ஜின் அறையில் அல்லாமல் கேபினில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மேசையில் ஒரு மணி நேரம் பவர் கொடுங்கள். சும்மா கிடக்கும் எலக்ட்ரோலிட்டிக்கின் உள்படலம் மெலியும், வோல்டேஜ் கிடைத்தால் திரும்ப உருவாகும்.

எந்த நிலையில "இதுக்கு மேல முடியாது"ன்னு விடணும்?

தரவும் போய், நகலும் எங்கும் இல்லை என்றால். அல்லது ஹைபிரிட் எரிந்துபோய், மாற்றுப் பெட்டியும் கிடைக்காதபோது. போர்டின் உள் அடுக்குகள் கருகியிருந்தாலும் விட்டுவிடுங்கள். கரி மின்சாரத்தைக் கடத்தும், மேலே எத்தனை கம்பி ஓட்டினாலும் உள்ளே கசிவு நிற்காது.

அதன் பிறகு வழி இன்ஜின் வகையைப் பொறுத்தது. வரிசைப் பம்ப் ஈடிசி இன்ஜின்களில் மெக்கானிக்கல் கவர்னர் உள்ள பம்ப்புக்கு மாறுவதைப் பற்றி நல்ல டீசல் பம்ப் பணிமனையில் விசாரிக்கலாம். த்ராட்டில் கேபிளும் ஸ்டாப் சோலனாய்டும் புதிதாக வேண்டும், முழுச்சுமை அளவைப் பம்ப் மேசையில் வைத்து அமைக்க வேண்டும். யூனிட் இன்ஜெக்டர் இன்ஜின்களுக்கு அந்த வழி இல்லை. அங்கே இரண்டு பக்கத்துக்கும் ஒரே வகை வேலை செய்யும் பெட்டிகள் கிடைக்கும்வரை தேடுவது, இல்லையென்றால் இரண்டு இன்ஜினையும் சேர்த்து மாற்றுவது. ஒரு பக்கம் மட்டும் வேறு இன்ஜின் வைத்தால் சக்தி, கியர் விகிதம், புரொப்பெல்லர் எதுவும் மற்றதோடு ஒத்துவராது.